முட்டை போட்ட மீனா?

ஏப்ரல் 15-ஆம் தேதி வந்துவிட்டால் தமிழ்நாட்டில் கடல்மீன் விலை ஏறிவிடும். வஞ்சிரம் வாங்கப் போன அப்பா ஏரிக் கெண்டையோடு திரும்பி வருவார். அதுவும் கிடைக்காவிட்டால் அன்றைக்கு வீட்டில் முட்டைக் குழம்புதான். காசிமேடு, நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி என்று எந்தத் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தாலும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், அவை கடலுக்குப் போகக்கூடாது. இந்தத் தடை 2001-இல் வந்தபோது 45 நாளாக இருந்தது. 2017-இல் 61 நாளாக நீட்டினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் தேதி வேறு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

ஏன் இந்தத் தடை என்று வகுப்பில் கேட்டால் நீங்கள் எல்லோரும் கையைத் தூக்குவீர்கள். "மீன் முட்டை போடுற காலம் சார்!" சரியான பதில்தான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மீன் முட்டை போட்டால் நமக்கென்ன? ஒரு மீன் எத்தனை முட்டை போடும்? அதில் எத்தனை பிழைக்கும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான், கடலில் எவ்வளவு பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்பதெல்லாம் புரியும்.

ஒரு சின்ன மத்தியே பல்லாயிரம் முட்டைகள் போடும். பெரிய மீன்கள் லட்சக்கணக்கில், சில மீன்கள் பத்து லட்சத்தையும் தாண்டிப் போடும். எல்லாமே பிழைத்து வளர்ந்தால் கடலில் தண்ணீருக்கு இடமிருக்காது. அப்படி ஆவதில்லையே, ஏன்? முட்டையாக மிதக்கும்போதே சொறிமீன் தின்கிறது. குஞ்சாகப் பொரித்ததும் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. சரியான நேரத்தில் சரியான இரை கிடைக்காமல் பட்டினியில் சாவதும் ஏராளம். சரி, ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு மீன்கள் வாழ்நாள் முழுக்கப் போட்ட முட்டைகளில் எத்தனை பிழைத்துப் பெரிய மீனானால் கடலில் மீன் எண்ணிக்கை குறையாமல் அப்படியே இருக்கும்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

இரண்டு. அவ்வளவுதான். அப்பா இடத்துக்கு ஒன்று, அம்மா இடத்துக்கு ஒன்று. லட்சத்தில் இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டும் வளர்ந்து, தாங்களும் முட்டை போடும்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்கு முன்னாலேயே வலைக்குள் போய்விட்டால் கணக்கு உதைக்கும்.

"இத்தனை முட்டை போடுற மீனை எவ்வளவு பிடிச்சா என்ன, தீரவா போகுது?" என்று பெரிய பெரிய அறிஞர்களே நினைத்த காலம் ஒன்று உண்டு. 1883-இல் லண்டனில் ஒரு மீன்பிடிக் கண்காட்சி நடந்தது. அங்கே பேசிய தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினின் கொள்கைக்காக ஊரெல்லாம் வாதாடிய அதே ஹக்ஸ்லி, கடலின் பெரிய மீன் வளங்கள் மனிதன் பிடித்துத் தீரக்கூடியவை அல்ல என்றார். அவர் சொன்ன மீன்களில் காட் மீனும் ஒன்று. மருந்துக் கடையில் மஞ்சள் நிறத்தில் மீன் எண்ணெய் மாத்திரை பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணெய்க்குப் பேர்போனது காட் மீனின் ஈரல். அன்றைய படகுகளையும் வலைகளையும் வைத்துப் பார்த்தால் ஹக்ஸ்லி சொன்னதில் பெரிய பிழை இல்லை. பின்னால் என்ன மாதிரியான படகுகள் வரப்போகின்றன என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கனடா நாட்டின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. 1497-இல் ஜான் கேபட் என்ற மாலுமி அந்தப் பக்கம் போய் வந்தபோது, அங்கே கூடையைத் தண்ணீரில் இறக்கியே மீன் அள்ளலாம் என்று ஐரோப்பாவில் பேசிக்கொண்டார்கள். அதன்பின் ஏறத்தாழ 450 வருடம், தூண்டிலும் சின்னப் படகுமாக, பல நாட்டுக்காரர்கள் அந்தக் காட் மீனைப் பிடித்துப் பிழைத்தார்கள். மீனும் இருந்தது, மனிதர்களும் இருந்தார்கள். 1950-களில் தொழிற்சாலை போன்ற இழுவைக் கப்பல்கள் வந்தன. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, அங்கேயே உறைய வைத்து, கரைக்கு வராமல் வாரக்கணக்கில் கடலிலேயே நின்று பிடித்தார்கள். 1968-இல் ஒரே வருடத்தில் சுமார் 8 லட்சம் டன் காட் மீன் பிடிபட்டது. வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

அதற்குப் பிறகு பாடு சரியத் தொடங்கியது. 1977-இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்து, வெளிநாட்டுக் கப்பல்களை விரட்டியது. இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தார்கள். ஆனால் சொந்த நாட்டுக் கப்பல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1980-களில் கரையோரத்தில் சின்னப் படகு வைத்துப் பிழைத்தவர்கள், "மீன் குறையுது, வர்ற மீனும் சிறுத்துப் போச்சு" என்று முறையிட்டார்கள். பெரிய கப்பல்காரர்களோ, "எங்களுக்கு நல்லாத்தானே கிடைக்குது" என்றார்கள்.

இருவர் சொன்னதும் உண்மைதான். எப்படி? காட் மீன் கூட்டம் கூட்டமாக வாழ்வது. எண்ணிக்கை குறைந்தபோது மிச்சமிருந்த மீன்கள் சில இடங்களில் நெருக்கமாகச் சேர்ந்துகொண்டன. பெரிய கப்பல்களில் மீன் கூட்டத்தை ஒலியலையால் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. அவர்கள் நேராக அந்தக் கூட்டத்தின் மேல் போய் வலை போட்டார்கள். ஆகவே கடைசிவரை அவர்கள் வலை நிறைந்தது. வலை நிறைகிறது என்பதால் கடலும் நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்டினால் இப்படித்தான் ஏமாந்து போவோம்.

1992 ஜூலை 2-ஆம் தேதி கனடா அரசு காட் மீன் பிடிப்பை நிறுத்தியது. இரண்டு வருடத்தில் மீன் திரும்பிவிடும் என்று அறிவித்தார்கள். சுமார் 30,000 பேருக்கு ஒரே அடியாக வேலை போனது. ஊர் ஊராகக் காலி செய்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடத்தில் மீன் திரும்பவில்லை. பத்து வருடத்திலும் திரும்பவில்லை. 2024-இல்தான், அதாவது 32 வருடம் கழித்து, அந்தத் தடையை விலக்கி வருடத்துக்கு 18,000 டன் பிடிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். 8 லட்சம் எங்கே, 18 ஆயிரம் எங்கே! அந்த அனுமதிகூட அவசரப்பட்டுக் கொடுத்தது என்று சொல்லும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு நம் ஊர் மீனுக்கு வருவோம்.

ஒரு மீன் முட்டை போடும் வயதை எட்டியதா என்பது எப்படித் தெரியும்? மீனுக்குப் பிறந்த தேதிச் சான்றிதழ் கிடையாது. ஆனால் அதைவிட நம்பகமான ஒன்றை அது தலைக்குள் வைத்திருக்கிறது. மீனின் காதுப் பகுதியில் சுண்ணாம்பால் ஆன குட்டிக் கல் இருக்கும். செவிக்கல் என்று பெயர். மீன் நீரில் தன்னை நிமிர்த்திக்கொள்ளவும் ஒலி கேட்கவும் அது உதவுகிறது. மரத்தின் தண்டில் வருடத்துக்கு ஒரு வளையம் சேருவது போல, இந்தக் கல்லிலும் வளையம் சேரும். இளங்குஞ்சுகளுக்கு நாளுக்கு ஒரு வளையம்கூட உண்டு. மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் குஞ்சு பிறந்து எத்தனை நாள் ஆனது என்று சொல்லிவிடலாம்.

எல்லா மீனிலும் இந்தக் கல் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்காது. கத்தாளை மீனில் நன்றாகப் பெரிதாக இருக்கும். வீட்டில் கத்தாளைக் குழம்பு வைக்கும் நாளில், வெந்த தலையைப் பெரியவர்கள் உதவியோடு மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைக்கும். கழுவிக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது. கத்தாளைத் தலையை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்தப் புதையல் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் மீன் வந்து இறங்கும் துறைகளுக்கே போய், கூடையில் இருக்கும் மீனை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். 1947-இல் சென்னையில் தொடங்கிய அந்த நிலையம் 1949-இல் மண்டபத்துக்குப் போனது. இப்போது தலைமையிடம் கொச்சியில் இருக்கிறது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டர் நீளத்தில் சினைப்படுகிறது, எந்த மாதத்தில் சினையோடு வருகிறது, எத்தனை சதவீதம் குஞ்சாகவே பிடிபடுகிறது என்று இப்படித்தான் தெரிய வருகிறது. இந்தக் கணக்குகளை வைத்துத்தான் கேரள அரசு 2015-இல் சில மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கியது. மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், அயிலை என்றால் 14 சென்டிமீட்டர். சென்னைக்காரர்கள் கானாங்கெளுத்தி என்று சொல்வது அயிலையைத்தான். அதற்குக் குறைந்ததைப் பிடித்து வந்தால் அபராதம். இந்த நீளம் வந்துவிட்டதாலேயே அந்த மீன் முட்டை போட்டுவிட்டது என்று பொருளில்லை. இதற்கும் கீழே போகாதே என்று போட்ட கடைசிக் கோடு அது.

அளவுக்குக் குறைந்த மீன் வலையில் வராமல் இருக்க என்ன வழி? வலையின் கண்ணி பெரிதாக இருக்க வேண்டும். சின்ன மீன் நழுவிப் போய்விடும், பெரிய மீன் நிற்கும். கேட்பதற்கு எளிது. இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆரஞ்சுப் பழமோ பூண்டோ போட்டு விற்கும் வலைப்பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து நீளவாக்கில் இழுங்கள். கண்ணிகள் என்ன ஆகின்றன? ஒடுங்கி, கோடு மாதிரி மூடிக்கொள்ளும். விசைப்படகு இழுக்கும் மடியிலும் இதேதான் நடக்கிறது. மடி கடலுக்கடியில் இழுபடும்போது, மீன் போய்ச் சேரும் கடைசிப் பையின் கண்ணிகள் வைரக்கட்டி வடிவத்தில் இருப்பதால் இழுப்பில் மூடிக்கொள்கின்றன. கரையில் விரித்துக் காட்டும்போது பெரிதாகத் தெரிந்த கண்ணி, கடலுக்குள் குஞ்சைக்கூட விடுவதில்லை. இதற்குக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் ஒரு வழி சொன்னது. அந்தக் கடைசிப் பைக்கு மட்டும் வலையைத் திருப்பிப் பொருத்திச் சதுரக் கண்ணியாக்குங்கள் என்றது. சதுரக் கண்ணி இழுப்பில் மூடாது, திறந்தே இருக்கும். குஞ்சுகள் வெளியே போய்விடும். புது இயந்திரம் எதுவும் வேண்டாம், வலையைப் பொருத்தும் கோணத்தை மாற்றினால் போதும். எனக்குப் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

அப்படியானால் ஏன் எல்லாரும் மாற்றிக்கொள்ளவில்லை? ஒரு விசைப்படகு கடலுக்குப் போய்வர டீசல், ஐஸ், ஆள் கூலி என்று பெரிய செலவு. பெரும்பாலும் கடன். பெரிய மீன் கிடைக்காத நாளில், மடியில் வந்த குஞ்சும் பொடியும்தான் டீசல் காசைத் தேற்றும். ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் இந்தப் பொடி மீன் குவியலைச் சங்காயம் என்பார்கள். அதைக் காயவைத்து அரைத்துக் கோழித் தீவனமும் இறால் பண்ணைத் தீவனமும் ஆக்குகிறார்கள். அந்தக் குவியலைக் கிளறிப் பாருங்கள். வளர்ந்தால் தட்டில் வஞ்சிரமாகவும் பாரையாகவும் வந்திருக்க வேண்டிய குஞ்சுகள் விரல் நீளத்தில் கிடக்கும். கிலோ பல நூறு ரூபாய்க்குப் போகவேண்டிய மீன், சில ரூபாய்க்குக் கோழித் தீவனமாகப் போகிறது. மீன் பிடித்தவருக்கும் நட்டம், கடலுக்கும் நட்டம். குஞ்சு வலையில் வரக்கூடாது என்று பிடிக்கிறவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அதை வாங்குகிற ஆலை இருக்கும்வரை அது வலையில் வந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, குஞ்சை விட்டுவிட்டுப் பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. கொடுவா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுவா இளமையில் ஆணாக இருக்கும். சில வருடம் ஆணாக வாழ்ந்துவிட்டு, பெரிதானதும் பெண்ணாக மாறிவிடும்! ஆகவே நல்ல பெரிய கொடுவா என்று நாம் தேடித் தேடி வாங்குவதெல்லாம் பெரும்பாலும் அம்மாக்கள். பெரியதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தால் கடலில் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். களவா மீன் இதற்கு நேர் எதிர். முதலில் பெண், வளர்ந்தபின் ஆண். அங்கே பெரியதைப் பிடித்தால் அப்பாக்கள் காலி.

ஆண்-பெண் மாறாத மீன்களிலும் பெரிய அம்மா மீனுக்குத் தனி மதிப்பு உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இப்படிக் கணக்குக் காட்டியது: 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு காட் மீன் போடும் முட்டைகளைப் போட, 2 கிலோ காட் மீன்கள் 28 சேர வேண்டும். 28 மீனின் மொத்த எடை 56 கிலோ. அதாவது கிலோவுக்குக் கிலோ பார்த்தாலும் பெரிய அம்மா நிறையப் போடுகிறாள். அவள் முட்டைகளும் அளவில் பெரியவை. எனவே குஞ்சையும் விட வேண்டும், மிகப் பெரியவற்றில் சிலவற்றையும் விட வேண்டும். கண்ணி அளவை வைத்துக் குஞ்சை விடலாம். மிகப் பெரிய மீனை எப்படி விடுவது? அதற்குத்தான், இந்த இடத்தில் யாரும் பிடிக்கக்கூடாது என்று கடலில் சில இடங்களை ஒதுக்கி வைக்கிறார்கள். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அப்படிப்பட்ட இடம். அங்கே பவளப் பாறைகளுக்கு நடுவில் மீன்கள் கிழடாக விட்டால்தான், வெளியே நமக்கு இளமீன் கிடைக்கும்.

சுறாவின் கதை இன்னும் மோசம். சுறா லட்சக்கணக்கில் முட்டை போடும் ஜாதி இல்லை. பால் சுறா குட்டி போடும். அதுவும் ஒரு தடவைக்குச் சில குட்டிகள்தான். மத்தி பிறந்த ஒரு வருடத்தில் முட்டை போடத் தயாராகிவிடும். பெரிய சுறாக்களுக்கு அதற்குப் பல வருடங்கள் ஆகும். ஒரே வலை, ஒரே நாள், இரண்டும் பிடிபட்டால் மத்திக் கூட்டம் சீக்கிரம் தேறிக்கொள்ளும், சுறாக் கூட்டம் தேறாது. பிள்ளை பெற்றவர்களுக்குச் சுறாப்புட்டு செய்துகொடுப்பது நம் ஊர் வழக்கம். அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆனால் வாரா வாரம் ஓட்டலில் தின்பதற்குச் சுறா தாங்காது.

இன்னொன்று, மீன் முட்டை போட்டால் மட்டும் போதாது. குஞ்சு வளர வீடு வேண்டும். இறாலைப் பாருங்கள். கடலில் முட்டை போடுகிறது. பொரித்து வரும் பொடிக் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கழிமுகத்துக்குள்ளும் அலையாத்திக் காட்டுக்குள்ளும் வந்து, வேர்களுக்கு நடுவே ஒளிந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் நமக்குச் சுற்றுலா இடம், இறாலுக்கு அதுதான் தொட்டில். பாக் விரிகுடாவில் அந்த வேலையைக் கடற்புல் செய்கிறது. ஆழம் குறைந்த அந்தக் கடலின் அடியில் புல்வெளி விரிந்து கிடக்கும். கணவாய் அதில் முட்டைகளை ஒட்டிவைக்கும், குஞ்சு மீன்கள் ஒளிந்துகொள்ளும், ஆவுளியா என்கிற கடல்பசு அதை மேய்ந்து வாழும். இழுவை மடியின் அடிக்கயிறு கனமானது. தரையைத் தொட்டுக்கொண்டே போகும். புல்லோ, சிப்பியோ, பவளமோ வழியில் இருப்பதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போகும். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. தமிழ்நாடு 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அதுதான்.

வலையில் வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். பங்குனி ஆமை முட்டை போட நம் கரைக்கு வரும்போது இழுவை மடியில் சிக்கிக்கொள்கிறது. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். மணிக்கணக்கில் மடிக்குள் கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கடற்கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இதற்கும் கருவி உண்டு. மடியின் நடுவில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைத்து, அதன் ஓரத்தில் ஒரு வாசல் விடுவார்கள். இறால் கம்பிகளுக்கிடையே புகுந்து பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, சரிந்து, வாசல் வழியாக வெளியே போய்விடும். கொஞ்சம் மீனும் அந்த வாசலில் போய்விடுகிறது என்பது மீனவர்களின் குறை. அந்தக் குறையிலும் நியாயம் உண்டு. போகிற மீனுக்கு ஈடு கொடுக்காமல் சட்டத்தை மட்டும் நீட்டினால் எந்தப் படகிலும் அந்தக் கம்பி இருக்காது.

ஆமைக்காக நடப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைச் சேர்ந்தவர்கள் 1988 முதல், முட்டையிடும் மாதங்களில் இரவு முழுக்கக் கடற்கரையில் நடக்கிறார்கள். ஆமை முட்டை போட்ட குழியைக் கண்டுபிடித்து, நாயும் மனிதரும் தொடாத காப்பிடத்துக்கு மாற்றி, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பெயரிலேயே இருக்கிறது, தொடங்கியவர்கள் மாணவர்கள்!

கெட்ட செய்தியாகவே சொல்லிக்கொண்டு போகிறேனோ? கொல்லத்துக்குப் போவோம். அங்கே அஷ்டமுடி என்று ஒரு பெரிய காயல். அதில் கிடைக்கும் மட்டிச் சதை 1980-களில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. விலை ஏற ஏற ஆட்கள் குவிந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பாடு பாதியாகச் சரிந்தது. அங்கிருந்தவர்கள் காத்திருக்கவில்லை. விஞ்ஞானிகள் மட்டியை ஆராய்ந்து அது எப்போது இனம் பெருக்குகிறது என்று சொன்னார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பதை நிறுத்தினார்கள். பொடி மட்டி தப்பிக்கும்படி வலைக் கண்ணியைப் பெரிதாக்கினார்கள். இயந்திரம் வைத்து அள்ளுவதைத் தடை செய்தார்கள். மட்டி திரும்ப வந்தது. 2014-இல் அந்த மட்டித் தொழில், கடலுக்குக் கேடில்லாத மீன்பிடிப்பு என்று உலக அளவில் சான்று பெற்றது. இந்தியாவில் அந்தச் சான்று பெற்ற முதல் தொழில் அதுதான். அவர்கள் தேர்ந்தெடுத்த மாதங்களைக் கவனித்தீர்களா? நம் ஏப்ரல்-ஜூன் இல்லை. மட்டியின் காலம் வேறு. 61 நாள் தடை நல்லதுதான், ஆனால் எல்லா மீனும் அந்த 61 நாளுக்குள்ளேயே முட்டை போட்டு முடித்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெப்பக் கடலில் பல மீன்கள் வருடத்தில் பல மாதங்களில் சினைப்படும். தவிர, ஏப்ரலில் பிறந்த குஞ்சு ஜூன் நடுவில் இன்னும் குஞ்சுதான். தடை முடிந்த இரவே எல்லாப் படகும் பொடிக் கண்ணி மடியோடு புறப்பட்டால், இரண்டு மாதம் காத்ததை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு வந்துவிடலாம். அந்த இரண்டு மாதத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த மீனவரின் பொறுமைக்கும் அதில் மதிப்பில்லாமல் போகும்.

பள்ளியில் "கடலைக் காப்போம்" என்று ஓவியப் போட்டி வைத்தால் நீங்கள் எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் அழுகிற ஆமையும் வரைகிறீர்கள். பிளாஸ்டிக் கெடுதல்தான், மறுக்கவில்லை. அறுந்து கடலில் விழுந்த நைலான் வலை மக்காமல் கிடந்து, ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் கடலில் மீன் குறைவதற்கு முதல் காரணம் பாட்டில் இல்லை, நாம் பிடிக்கிற விதம். அடுத்த தடவை ஒரு வலையின் கண்ணியை வரைந்து பாருங்கள். நடுவர் குழம்பிப் போவார், பரவாயில்லை.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்த கடலையே முழுமையான கடல் என்று எண்ணிக்கொள்கிறது, அதனால் எவ்வளவு குறைந்துபோனது என்பது யாருக்குமே தெரிவதில்லை என்றார். இதை நீங்களே சோதிக்கலாம். கடலோர ஊரில் இருந்தால் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள்: நீங்க சின்ன வயசுல பார்த்த பெரிய மீன் எது? எவ்வளவு தூரம் போய்ப் பிடிச்சாங்க? இப்ப வர்றதே இல்லாத மீன் எது? அதே கேள்வியை அப்பா, அம்மாவிடமும் கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். கடல் இல்லாத ஊரில் இருப்பவர்கள் ஏரியையும் ஆற்றையும் பற்றிக் கேட்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாராவது மீன் வாங்கக் கிளம்பினால், பென்சில் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள். மத்தி 10, அயிலை 14. அளந்து பார்த்துக் குறைந்தால் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று மீன்கார அக்கா கேட்டால், "இது இன்னும் முட்டையே போட்டிருக்காதுக்கா" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகவே தெரியும். வாங்குகிறவர்களுக்கும் தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.